டெனேரிஸ் ஏன் ஊரைக் கொளுத்தினாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் யாராவது புதிதாகப் பார்த்து முடிக்கும்போதெல்லாம் அதே கோபத்தோடு, அதே கேள்விகளோடு வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலித்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். முழுக்கதையும் வெளியே வந்துவிடும். பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் பார்த்ததில்லை. யார் இந்த டெனேரிஸ்?

ஆட்சியை இழந்த டார்கேரியன் வம்சத்தின் கடைசிப் பெண். அப்பா ஏரிஸ், 'பைத்தியக்கார ராஜா' என்று பெயரெடுத்தவர். தலைநகரத்தையே எரிக்கப் பார்த்து, தன் மெய்க்காவலன் கையாலேயே செத்தவர். டெனேரிஸ் பிறந்ததிலிருந்தே அகதி. படை வேண்டும் என்பதற்காக அண்ணன் விசேரிஸ் அவளை ஒரு குதிரைக் கூட்டத் தலைவனுக்குக் கட்டிக்கொடுக்கிறான். அந்தப் பெண் புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளையைப் பறிகொடுத்து, சிதைக்குள் நடந்துபோய், மறுநாள் காலையில் மூன்று டிராகன் குஞ்சுகளோடு எழுந்து வருகிறாள். முதல் சீசன் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஏழு சீசன் நாங்கள் அவள் பின்னாலேயே போனோம். அடிமைகளை விடுவிக்கிறாள், நகரம் நகரமாகப் பிடிக்கிறாள், கடல் தாண்டி வருகிறாள். நடித்தவர் எமிலியா கிளார்க்.

கடைசியில் அப்படி என்ன செய்தாள்?

எட்டாவது சீசனின் ஐந்தாவது எபிசோட், 'தி பெல்ஸ்'. அமெரிக்காவில் 2019 மே 12 இரவு ஒளிபரப்பானது. நமக்கு அது ஹாட்ஸ்டாரில் திங்கட்கிழமை காலை 6.30. எதிரி ராணி செர்சியின் பிடியில் இருந்த தலைநகரமான கிங்ஸ் லேண்டிங்கை அவள் படை சூழ்கிறது. டிராகன் மேல் இருந்தபடி எதிரிக் கப்பல்களையும் மதில் மேல் இருந்த ஆயுதங்களையும் எரித்து முடித்துவிடுகிறாள். எதிரி வீரர்கள் வாளைக் கீழே போடுகிறார்கள். சரணடைந்துவிட்டோம் என்பதற்கு அடையாளமாக ஊர் மணி அடிக்கிறது. போர் முடிந்தது, அவள் ஜெயித்துவிட்டாள். அதன் பிறகுதான் டிராகனைக் கிளப்பி, தெருத்தெருவாக, வீடு வீடாக, ஓடிக்கொண்டிருக்கும் ஜனங்களை எரிக்கிறாள்.

அடுத்த எபிசோடில் அவள் காதலன் ஜான் ஸ்னோ அவளை அணைத்தபடியே குத்திக் கொல்கிறான். தொடரும் முடிந்தது.

அன்று காலை அலுவலகம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவரிடம் இதைப் பற்றிப் பேச முடியாதே என்று தவித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

முதலிலிருந்தே அறிகுறிகள் இருந்தனவே? நாம்தான் கவனிக்கவில்லையா?

இருந்தன. இதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் சீசனில் அண்ணன் தலையில் உருக்கிய தங்கத்தை ஊற்றும்போது அவள் முகத்தைப் பாருங்கள், ஒரு சலனமும் இல்லை. தன் புருஷனுக்குச் சூனியம் வைத்த பெண்ணைச் சிதையில் கட்டி உயிரோடு எரிக்கிறாள். இரண்டாம் சீசனில் துரோகம் செய்த இருவரைக் காலிப் பெட்டக அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள். நான்காம் சீசனில் மீரீன் நகர எஜமானர்கள் 163 அடிமைக் குழந்தைகளை வழிநெடுக ஆணியடித்துத் தொங்கவிட்டதற்குப் பதிலாக 163 எஜமானர்களை அதேபோல ஆணியடிக்கச் சொல்கிறாள். அநீதிக்குக் கருணையாலும் பதில் சொல்லலாம் என்று அவள் ஆலோசகர் கிழவர் பாரிஸ்டன் சொன்னதைக் கேட்கவில்லை. பிறகு ஒரு மகன் வந்து, 'குழந்தைகளைக் கொல்லக் கூடாது என்று எதிர்த்துப் பேசியவர் என் அப்பா, அவரையும் சேர்த்துத்தான் தொங்கவிட்டீர்கள்' என்கிறான். ஏழாம் சீசனில் மண்டியிட மறுத்த எதிரிப் பிரபு டார்லியையும் அவர் மகனையும் டிராகனுக்குக் கொடுக்கிறாள்.

ஆனால் இதையெல்லாம் தொடர் நமக்கு எப்படிக் காட்டியது?

மூன்றாம் சீசனில் ஆஸ்டபோர் நகரக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 8,000 அடிமை வீரர்களுக்கு விலையாக ஒரு டிராகனைக் கொடுப்பதாகப் பேச்சு. அடிமை வியாபாரி தன் வேலிரியன் மொழியில் அவளைக் கேவலமாகத் திட்டிக்கொண்டே இருக்கிறான். மொழிபெயர்க்கும் மிசாண்டே அதை நாசூக்காக மாற்றிச் சொல்கிறாள். சங்கிலி கைமாறுகிறது. டிராகன் அவன் சொல்லுக்கு அசையவில்லை. அப்போது டெனேரிஸ் அவன் மொழியிலேயே வாயைத் திறக்கிறாள். இத்தனை நாள் திட்டியதெல்லாம் அவளுக்குப் புரிந்திருக்கிறது என்று அவனுக்கு உறைக்கும் அந்த நொடி! நெருப்பைக் கக்கச் சொல்லி டிராகனுக்கு இடும் கட்டளை, 'ட்ரகாரிஸ்' என்ற ஒரு சொல். அவன் எரிகிறான். இசை ஏறுகிறது, படை அணிவகுக்கிறது, வீட்டில் உட்கார்ந்திருந்த நான் கைதட்டினேன். நீங்களும் தட்டியிருப்பீர்கள்.

கைதட்ட வைத்தது அவர்கள்தான். இசை, கேமரா கோணம், வேகம், எல்லாமே 'இவள் செய்வது சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஆறு சீசனுக்கு இப்படிக் காட்டிவிட்டு, கடைசி எபிசோடில் அவள் ஆலோசகன் டிரியன் சிறையில் உட்கார்ந்து, 'கெட்டவர்கள் செத்தார்கள், நாம் கொண்டாடினோம், அவளும் தான் செய்வதெல்லாம் சரி என்று நம்பிவிட்டாள்' என்று விளக்கம் கொடுக்கிறான். அருமையான வசனம்தான். ஆனால் அது வரவேண்டிய இடம் நான்காம் சீசன், ஐந்தாம் சீசன். ஊர் சாம்பலான பிறகு வந்தால் வக்கீல் வாதம் மாதிரிதான் கேட்கிறது.

அறிகுறி இருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் என்ன குறை?

ஒருவர் வீட்டில் மண்ணெண்ணெய் கேன் இருக்கிறது என்று காட்டுவது வேறு. அவர் எதிர்வீட்டைக் கொளுத்துவார் என்று நம்ப வைப்பது வேறு.

அதுவரை அவள் எரித்தவர்கள் எல்லோரும், அவள் கணக்கில், ஏதோ ஒரு குற்றம் செய்தவர்கள். கொடூரம் உண்டு, பிடிவாதம் உண்டு, தண்டனையில் அளவு தெரியாமை உண்டு. நிரபராதி என்று தெரிந்தே எரித்ததில்லை. அதற்கு நேர் எதிரான காட்சிதான் உண்டு. நான்காம் சீசனின் கடைசி எபிசோடில் ஓர் ஆடு மேய்ப்பவன் ஒரு துணி மூட்டையோடு தர்பாருக்கு வருகிறான். பிரித்தால் கருகிய எலும்பு. அவனுடைய மூன்று வயது மகள். பெரிய டிராகன் செய்த வேலை. டெனேரிஸ் அன்றே மற்ற இரண்டு டிராகன்களையும் நிலவறைக்குக் கூட்டிப்போய்த் தன் கையாலேயே கழுத்தில் சங்கிலி போடுகிறாள். பிள்ளைகள் என்று அவள் கூப்பிட்ட ஜீவன்கள். அவை கத்தக் கத்த, அழுதுகொண்டே வெளியே வந்து கல்லை இழுத்து மூட வைக்கிறாள். யாரோ ஒருவருடைய ஒரே ஒரு குழந்தைக்காக.

இந்தப் பெண்தான் 'தி பெல்ஸ்' எபிசோடில் தெரு முழுக்கக் குழந்தைகளை எரிக்கிறாள். மனிதர்கள் அப்படி மாறவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. மாறுவார்கள். அங்கிருந்து இங்கே அவள் வந்த வழியைக் காட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் புகார்.

எட்டாம் சீசனில் அவளுக்கு எத்தனை இழப்பு! அது போதாதா?

பட்டியலாகப் பார்த்தால் போதும். ஜான் தன் மூத்த அண்ணன் ரேகாரின் மகன், சிம்மாசனத்துக்குத் தன்னைவிட உரிமை உள்ளவன் என்று தெரிகிறது. அவளுடைய விசுவாசமான வீரர் ஜோரா அவளைக் காத்துக்கொண்டே செத்துப்போகிறார். இரண்டாவது டிராகன் ரேகாலைக் கடலில் வைத்து அம்பெய்து கொல்கிறார்கள். மிசாண்டேயை அவள் கண்ணெதிரே தலை வெட்டுகிறார்கள். உளவுத் தலைவர் வேரிஸ் காட்டிக்கொடுக்கிறார். ஜான் முத்தமிடத் தயங்கி விலகுகிறான். யாருக்குத்தான் மூளை கலங்காது?

சிக்கல் என்னவென்றால் இவை அடுத்தடுத்து வந்து விழுகின்றன. ஒன்று அவளுக்குள் இறங்குவதற்குள் அடுத்தது. ஜோராவுக்காக ஒரு காட்சி அழுகிறாள், உடனே விருந்து. ரேகால் கடலில் விழுகிறது, சில நிமிடங்களில் மிசாண்டே பிடிபட்டிருக்கிறாள். மிசாண்டே செத்த பிறகு அவள் சாப்பிடவில்லை என்ற செய்தியே நமக்கு வேரிஸிடம் ஒரு சமையலறைச் சிறுமி சொல்லித்தான் தெரியவருகிறது. யோசித்துப் பாருங்கள். நாயகி மனம் உடைந்து கிடக்கும் அந்த நாட்களை நாம் கதவுக்கு வெளியே நின்று, வேலைக்காரச் சிறுமி வாயால் கேட்கிறோம்.

நன்றாகச் செய்த இடமும் ஒன்று உண்டு. நான்காவது எபிசோடின் விருந்து. ஜானின் நண்பன் டோர்மண்ட் குடித்துவிட்டு ஜானைத் தூக்கிவைத்துப் பேசுகிறான்: டிராகன் மேல் ஏறினானே, இவன் ஒன்று பைத்தியம், இல்லையென்றால் ராஜா! சுற்றி எல்லோரும் சிரிக்கிறார்கள். வருடக்கணக்கில் டிராகன் மேல் ஏறி வந்தவள் அதே அறையில் தனியாக உட்கார்ந்து அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வசனம் இல்லை. இந்த மாதிரி இன்னும் நான்கு காட்சி இருந்திருந்தால் நான் இந்தப் பக்கத்தையே எழுதியிருக்க மாட்டேன். (படப்பிடிப்பில் மறந்துபோன காபி கப் அவள் முன்னால் மேஜையில் இருந்ததும் இதே விருந்தில்தான். உலகமே கப்பைப் பார்த்தது, முகத்தைப் பார்க்கவில்லை.)

மணி அடித்த நொடியில் அவளுக்குள் என்ன நடந்தது?

மணி அடிக்கிறது. மதில் மேல் டிராகன். அவள் முகம் திரை முழுக்க வருகிறது. மூச்சு வாங்குகிறது, உதடு நடுங்குகிறது, கண் தூரத்தில் ரெட் கீப் கோட்டையைப் பார்க்கிறது. எமிலியா கிளார்க் தன்னிடம் இருந்த அத்தனையையும் அந்தச் சில நொடிகளில் கொட்டியிருக்கிறார். அப்புறம் டிராகன் கிளம்புகிறது.

அதோடு சரி. அந்த எபிசோட் முடியும் வரை அவள் முகத்தை மறுபடி காட்டவே இல்லை. கேமரா கீழே இறங்கி, ஜானோடு வளர்ந்த ஆர்யாவோடு சேர்ந்து தெருவில் ஓடுகிறது. மேலே ஒரு நிழல், நெருப்பு, அலறல். ஜனங்கள் கண்ணால் போரைக் காட்ட வேண்டும் என்ற நோக்கம் புரிகிறது; அந்தப் பகுதியை இயக்குநர் மிகுவல் சபோச்னிக் எடுத்த விதம் அபாரம். ஆனால் எட்டு வருடம் யாரோடு பயணம் செய்தோமோ, அவள் இந்தக் கதையிலேயே மிகப் பெரிய காரியத்தைச் செய்யும் நேரத்தில் அவளைவிட்டு இறங்கிவிட்டோம். முதல் தெருவை எரித்தபோது கண்ணை மூடிக்கொண்டாளா? ஐந்தாவது தெருவில் அழுதாளா, வெறுமையாக இருந்தாளா? எதுவும் தெரியாது.

எபிசோடுக்குப் பின் வந்த விளக்க வீடியோவில் தொடரின் படைப்பாளிகளில் ஒருவரான டி.பி. வைஸ், அவள் இதை முன்கூட்டியே முடிவு செய்யவில்லை, தன் குடும்பம் கட்டிய கோட்டையைப் பார்த்ததும் அது சொந்தப் பகையாக மாறியது என்ற பொருளில் சொன்னார். சரி, கோட்டையைப் பார்த்துக் கோபம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். செர்சி அந்தக் கோட்டை ஜன்னலில்தானே நிற்கிறாள்? நேராக அங்கே போகாமல் ஏன் தெருவில் ஆரம்பித்தாள்? இதற்கு இன்றுவரை எனக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

ஏன் இவ்வளவு அவசரம்?

முதல் ஆறு சீசனுக்கும் தலா 10 எபிசோட். ஏழாவதுக்கு 7. எட்டாவதுக்கு 6. மொத்தம் 73. இன்னும் அதிக எபிசோட் எடுக்கத் தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ தயாராகவே இருந்தது. படைப்பாளிகளான டேவிட் பெனியாஃப், டி.பி. வைஸ் இருவரும்தான் சுமார் 70 மணி நேரத்தில் கதையை முடிப்பது என்று இருந்தார்கள்.

'ஸ்டார் வார்ஸ்' படங்கள் செய்யப் போகிற அவசரத்தில் இதைச் சுருட்டிவிட்டார்கள் என்று ரசிகர்கள் அடித்துச் சொல்வார்கள். அந்த ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது 2018 பிப்ரவரியில். 2019 அக்டோபரில் அதிலிருந்தும் விலகிவிட்டார்கள். 70 மணி நேரக் கணக்கு அதற்கு ரொம்ப முன்பே சொன்னது. அதனால் அந்தக் குற்றச்சாட்டை நான் அப்படியே ஏற்கவில்லை. எபிசோட் எண்ணிக்கையைவிட இருந்த நேரத்தை எதற்குச் செலவழித்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். மூன்றாவது எபிசோடின் இரவுப் போர் 82 நிமிடம். அதற்காக 55 இரவுகள் வெட்டவெளியில் படம்பிடித்தார்கள். அதில் பாதி இருட்டில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை, அது தனிக் கதை.

அவசரத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் ரேகால் செத்த எபிசோடுக்குப் பின் பெனியாஃப் சொன்னதைக் கேளுங்கள். டேனி (டெனேரிஸின் செல்லப்பெயர்) எதிரிக் கப்பற்படையை ஏதோ மறந்துவிட்டாள் என்றார். வானத்தில் பறந்துகொண்டிருப்பவள் கடலில் மிதக்கும் கப்பல் கூட்டத்தை மறந்துவிட்டாளாம்! ரசிகர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

டார்கேரியன் ரத்தத்திலேயே பைத்தியம் உண்டு என்கிறார்களே?

ஒரு டார்கேரியன் பிறக்கும்போதெல்லாம் கடவுள்கள் நாணயம் சுண்டிப்போடுகிறார்கள் என்று கதையில் ஒரு பழமொழி வரும். இரண்டாம் சீசனில் செர்சி சொல்வாள். கடைசியில் வேரிஸ் ஜானிடம் சொல்வார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாணயம்தான் காரணம் என்றால் எட்டு சீசன் எதற்கு, பிறந்த அன்றே சுண்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாமே?

பெண் என்பதால்தான் இப்படி எழுதினார்களா?

எழுதியவர்கள் மனதுக்குள் போய் நான் பார்க்க முடியாது. திரையில் இருப்பதைச் சொல்கிறேன். ஆறாம் சீசனின் கடைசி எபிசோடில் செர்சி ஒரு வழிபாட்டுக் கூடத்தையே வெடிவைத்துத் தகர்க்கிறாள். அவளும் பெண்தான், அவளை நாங்கள் யாரும் 'திடீரென்று மாறிவிட்டாள்' என்று சொல்லவில்லை. காரணம், அந்த முடிவுக்கு அவள் வந்த ஒவ்வொரு படியும் தெரியும்: சிறை, பட்டினி, மொட்டைத்தலையோடு தெருவில் நிர்வாணமாக நடக்கவிட்டது, ஊர் அவள் மேல் எச்சில் துப்பியது. எனவே பெண்ணை வில்லியாக்கவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை.

உறுத்துவது வேறொன்று. எட்டாம் சீசனில் டெனேரிஸைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் ஆண்கள். வேரிஸும் டிரியனும் அவள் மனநிலை சரியில்லை என்று தூண் மறைவில் குசுகுசுக்கிறார்கள். டிரியனும் ஜானும் அவளைக் கொல்லலாமா என்று விவாதிக்கிறார்கள். அவள் பக்கத்து நியாயம் அவள் வாயால் வருவது கொலைக்கு முந்தைய ஒரே காட்சியில். அந்தக் காட்சி நன்றாகவும் இருக்கிறது. ஆயிரம் வாளால் செய்த சிம்மாசனம் என்று அண்ணன் சொன்னபோது, இருபது வரைகூட எண்ணத் தெரியாத சின்னப்பெண் மனதில் ஆயிரம் வாள் எப்படியிருக்கும் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். அடுத்த சில நிமிடங்களில், எது நல்லது என்று மற்றவர்கள் முடிவு செய்ய முடியாது என்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பெண்ணைத்தான் சீசன் முழுக்கக் காட்டியிருக்க வேண்டும்.

கண்ணகியும் ஊரை எரித்தாளே? நாம் அதை ஏற்றுக்கொள்கிறோமே?

நம் ஊரில் யார் கூட உட்கார்ந்து பார்த்தாலும் இந்தக் கேள்வி வரும். கண்ணகி எரிப்பதற்கு முன் தீக்கடவுளுக்கு விலக்கு சொல்கிறாள்: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் இவர்களைத் தொடாதே, தீயவர்கள் பக்கம் மட்டும் போ என்று. வேடிக்கை என்னவென்றால் டெனேரிஸும் அப்படிச் சொன்னவள்தான். ஆஸ்டபோரில் எஜமானர்களைக் கொல்லுங்கள், சாட்டை பிடித்தவனை எல்லாம் கொல்லுங்கள், குழந்தைகளைத் தொடாதீர்கள் என்றுதான் ஆணையிட்டாள். அந்தக் கடைசி வாக்கியம் அவளிடமிருந்து என்றைக்கு உதிர்ந்தது? அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புத்தகத்தில் எப்படி?

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ஐந்தாவது புத்தகம் 2011ல் வந்தது. அதோடு அவள் கதை பாதியில் நிற்கிறது. முடிவின் பெரிய திருப்பங்களைப் படைப்பாளிகளிடம் அவர் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே புத்தகத்திலும் போய்ச்சேரும் இடம் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் புத்தகத்தில் தொடர் விட்டுவிட்ட ஒரு ஆள் உண்டு. ஏகான் என்ற இளைஞன். செத்துப்போனதாக உலகம் நினைத்த, டெனேரிஸின் மூத்த அண்ணன் மகன் தான்தான் என்று சொல்லிக்கொண்டு, அவளுக்கு முன்பே, அவள் பிடிக்க நினைக்கும் வெஸ்டரோஸ் நாட்டில் படையோடு இறங்குகிறான். அவள் போய்ச் சேரும்போது ஜனங்கள் ஏற்கெனவே அவனைக் கொண்டாடிக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும்? காப்பாற்ற வந்த ஊரே தன்னை வேண்டாம் என்கிறது என்ற அடி அங்கே நிஜமாக விழும். தொடரில் கிங்ஸ் லேண்டிங் ஜனங்கள் அவளை வெறுத்ததாக ஒரு காட்சிகூட இல்லை. அவர்கள் மேல் அவளுக்கு ஏன் கோபம்?

எமிலியா கிளார்க் என்ன நினைத்தார்?

கடைசி சீசன் வசனப் பிரதியைப் படித்துவிட்டு அழுதுகொண்டே வீட்டை விட்டுக் கிளம்பி, மணிக்கணக்கில் லண்டன் தெருக்களில் நடந்ததாகப் பேட்டியில் சொன்னார். அந்த நடிப்புக்காக 2019 எம்மி விருதுக்கு முதன்மை நடிகையாகப் பரிந்துரையும் ஆனார். கிடைக்கவில்லை. சிறந்த தொடருக்கான விருது அந்த வருடம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'க்கே போனது என்பது ரசிகர்களுக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். கடைசி சீசனை மறுபடி எடுங்கள் என்று இணையத்தில் போட்ட மனுவில் கையெழுத்து 15 லட்சத்தைத் தாண்டியது. யாரும் எடுக்கப் போவதில்லை.

குழந்தைக்கு 'கலீசி' என்று பெயர் வைத்தவர்கள் கதி?

கலீசி என்பது அவள் பெயர் இல்லை, பட்டம். அந்தக் குதிரைக் கூட்டத்தின் டோத்ராக்கி மொழியில் தலைவனின் மனைவி, ராணி. 2018ல் மட்டும் அமெரிக்காவில் 500க்கும் மேற்பட்ட பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். நம் ஊரில் ராணி என்று வைப்பதில்லையா, அது மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளைகள் இந்நேரம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் எழுதியிருந்தால் என்ன மாற்றியிருப்பீர்கள்?

முடிவில் கை வைக்க மாட்டேன். ஒன்று, மிசாண்டே செத்த பிறகு அவளுடைய டிராகன்ஸ்டோன் கோட்டை அறையில் அவளோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், கதவுக்கு உள்ளே. இரண்டு, மணி அடிப்பதற்கு முன் ஊர் ஜனங்கள் அவளுக்கு எதிராக ஏதாவது செய்ய வேண்டும். கல்லெறியட்டும், செர்சி வாழ்க என்று கத்தட்டும். மூன்று, அந்தப் பறத்தலின்போது கேமரா ஒரு தடவையாவது டிராகன் முதுகுக்குப் போக வேண்டும்.

மறுபடி பார்க்கலாமா?

பார்க்கலாம். முழுத் தொடருக்கும் நேரமில்லை என்றால் இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடையும் எட்டாம் சீசனின் கடைசி எபிசோடையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதலாவதில் மாய மாளிகைக்குள் அவளுக்கு ஒரு காட்சி தெரிகிறது: கூரை இடிந்த தர்பார், எங்கும் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, நடுவில் இரும்புச் சிம்மாசனம். தொடக் கையை நீட்டுகிறாள். அந்த நேரம் எங்கோ டிராகன் குஞ்சுகள் கத்துகின்றன. சிம்மாசனத்தை அப்படியே விட்டுவிட்டுச் சத்தம் வந்த திசையில் போகிறாள். ஏழு வருடம் கழித்து அதே மண்டபம், அதே வெள்ளை, இப்போது அது சாம்பல் என்று நமக்குத் தெரியும். இந்தத் தடவை தொட்டுவிடுகிறாள்.

நடுவில் ஐந்தாம் சீசனில் டோர்ன் என்ற தெற்கு நாட்டில் நடக்கும் பகுதிகளைத் தாராளமாக ஓட்டிவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.